காற்று அடங்கும் நேரம்

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இந்தத் தொடரில் வெல்டிங் பற்றிப் பேசப்போகிறேன் என்று சொன்னபோது நிகழ்ச்சித் தயாரிப்பாளர் ஒரு கணம் பேசாமலிருந்தார். பிறகு, "அதிலே இலக்கியம் ஏதும் வருமா?" என்று மெல்லக் கேட்டார். "சோம்பேறி ஒருவர் வருவார், ஒரு பொற்கொல்லர் வருவார், விபுலாநந்த அடிகளும் வருவார்" என்றேன். சம்மதித்துவிட்டார்.

நான் பாடசாலையில் தமிழ் கற்பிப்பவன். ரிக் வெல்டிங் என்னும் நுண்ணிய ஒட்டு வேலையைச் சில காலமாகக் கற்றுவருகிறேன். பிழைப்புக்காக அல்ல, ஆசைக்காக. இதைக் கேள்விப்பட்டவர்களில் ஒருவர்கூட "ஏன் கற்கிறீர்கள்?" என்று கேட்கவில்லை. எல்லாரும் கேட்டது ஒன்றுதான்: "இதற்கெல்லாம் உங்களுக்கு நேரம் எங்கே இருக்கிறது?" அந்தக் கேள்விக்கு என்னால் உடனே விடை சொல்ல முடியவில்லை. அதனாற்றான் இந்த உரை.

முதலில் ஒரு சொல்லைப் பார்ப்போம். இப்படிப்பட்ட ஆசைகளுக்கு நாம் 'பொழுதுபோக்கு' என்று பெயர் வைத்திருக்கிறோம். பொழுதைப் போக்குவது, துரத்துவது. கையில் பொழுது மிதமிஞ்சிக் கிடந்தவர்கள் உண்டாக்கிய சொல்லாக இருக்க வேண்டும். ஒரு கைவேலையைப் புதிதாகக் கற்பவனுக்கோ பொழுது போகக்கூடாது, அது நிற்கவேண்டும். ஆகவே இந்தச் சொல் எனக்குச் சற்றும் பொருந்தவில்லை. வேறு சொல்லும் கிடைக்கவில்லை.

பாசிக்குடாவை நேயர்களிற் பலர் அறிவீர்கள். வாழைச்சேனைக்குக் கிழக்கே, அலையடங்கிய ஆழமற்ற குடா. நீருக்குள் நெடுந்தூரம் நடந்தாலும் இடுப்பளவுக்கு மேலே ஏறாது. 2004 டிசம்பர் 26 ஆம் திகதி வந்த கடல் இந்தக் கரையையும் அழித்துப் போனது. 2009 இல் யுத்தம் முடிந்த பின்னர், குடாவைச் சுற்றிப் புதிய ஹோட்டல்கள் எழுந்தன. ஹோட்டல் என்றால் மாடிப்படி, மாடிப்படி என்றால் பளபளக்கும் கறையில் உருக்குக் கைபிடிகள். கறையில் உருக்கு என்று பெயர்தான், உப்புக் காற்றில் சில மாதம் நின்றால் தேநீர் சிந்தினாற்போலக் கறை ஏறிவிடும். 304 என்னும் சாதாரண வகை சீக்கிரம் தோற்கும். மொலிப்டினம் கலந்த 316 கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். மலிவானதை வாங்கிப் பூட்டிவிட்டுப் பிறகு பழுதுபார்க்க ஆள் தேடுவது உலக வழக்கம். அந்தப் பழுதுபார்ப்பில்தான் வாழைச்சேனை - பாசிக்குடா வீதியில் ஒரு பட்டறை நடக்கிறது. அதன் சொந்தக்காரர் என்னிடம் பத்தாம் வகுப்பில் தமிழ் படித்தவர். கட்டாரில் குழாய் வேலை செய்து இந்த வித்தையைக் கற்றுக்கொண்டு ஊர் திரும்பியவர். அன்று கட்டுரைக் கொப்பியை நான் சிவப்பு மையால் திருத்தினேன். இன்று என் ஒட்டுகளை அவர் சோக்கட்டியால் வட்டம் போட்டுத் திருத்துகிறார். சிவப்பு மையைவிடச் சோக்கட்டி கொடியது என்பதை அனுபவத்திற் சொல்கிறேன்.

வாரநாட்களில் இயந்திரம் உழைக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் அது சும்மா கிடக்கும். "ஞாயித்துக்கிழமை வாங்க சேர், ஆனா விடியக்காலையில வாங்க. எட்டு மணிக்குப் பிறகு வந்து வேலையில்ல" என்றார் அவர். எனக்கு அது விளங்கவில்லை. பத்து மணிக்குச் சாவகாசமாகப் போகலாமென்றல்லவா எண்ணியிருந்தேன்! காரணம் காற்று. இதை விளக்க, ரிக் என்றால் என்னவென்று கொஞ்சம் சொல்லவேண்டும்.

வீதியோரப் பட்டறைகளில் பொறி பறக்க, புகை கிளம்ப நடக்கும் சாதாரண வெல்டிங்கை எல்லாரும் கண்டிருப்பீர்கள். அங்கே கம்பியே எரிந்து உருகி ஒட்டாக மாறுகிறது. கம்பிமேல் பூசிய பூச்சு எரிந்து எழும் புகைதான் உருகிய உலோகத்தைக் காற்றிலிருந்து காக்கிறது. ரிக்கில் பொறியுமில்லை, புகையும் இல்லையென்றே சொல்லலாம். பென்சில் போலக் கூராக்கிய தங்குதன் ஊசி ஒன்றின் நுனியிலிருந்து மின்வில் பாய்கிறது. தங்குதன் 3,422 பாகை செல்சியசில்தான் உருகும். கீழே இருக்கும் உருக்கோ ஏறத்தாழ 1,400 பாகையிலேயே உருகிக் குளமாகிவிடும். ஊசியைச் சுற்றியுள்ள குவளையிலிருந்து ஒரு வாயு சத்தமில்லாமல் இறங்கி அந்தக் குளத்தை மூடிக்கொண்டு நிற்கும். நிமிடத்துக்கு எட்டு, ஒன்பது லீற்றர். அவ்வளவு மெதுவாக இறங்கும் வாயுவை மெல்லிய கடற்காற்றே அள்ளிக்கொண்டு போய்விடும். உடனே ஊசி கறுக்கும், ஒட்டு தேன்வதை போல ஓட்டை விழும். பட்டறையோ மூன்று பக்கமும் திறந்த தகரக் கொட்டகை. கூலி வேலை நாட்களில் படங்கு கட்டிச் சமாளிக்கிறார்கள். எனக்காக யார் படங்கு கட்டுவது? ஆகவே தரைக்காற்று ஓய்ந்து கடற்காற்று தொடங்காத அந்த விடியற்பொழுதுதான் என் வகுப்பறை. ஐந்து மணியிலிருந்து ஏழு, மிஞ்சினால் ஏழரை. கச்சான் வீசும் மாதங்களில் அதுவும் நிச்சயமில்லை.

அந்த வாயுதான் நான் சொன்ன சோம்பேறி. தமிழ்ப் பாடநூல்களில் 'ஆகன்' என்று படித்திருப்பீர்கள். தமிழகத்தார் 'ஆர்கான்' என்று எழுதுவர். நாம் இழுக்கும் மூச்சில் நூற்றுக்கு ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக அது எப்போதும் இருக்கிறது. இருந்தும் வெகுகாலம் யார் கண்ணிலும் அகப்படவில்லை. 1785 இல் கவண்டிஷ் என்ற ஆங்கில விஞ்ஞானி, காற்றிலுள்ள நைதரசனையெல்லாம் அகற்றிய பிறகும் எதனோடும் சேராத சிறு குமிழி ஒன்று எஞ்சுவதைக் கண்டு குறித்துவைத்தார். குறிப்பு நூறாண்டுக்கு மேல் கிடந்தது. பின்னர் றேலி பிரபு, காற்றிலிருந்து எடுத்த நைதரசன் இரசாயனப் பொருட்களிலிருந்து எடுத்த நைதரசனைவிட இருநூறில் ஒரு பங்களவு பாரமாயிருப்பதைக் கண்டு, தராசைச் சந்தேகிக்காமல் காற்றைச் சந்தேகித்தார். அவரும் றாம்சேயும் 1894 இல் இந்த வாயுவை வெளிப்படுத்தினார்கள். எதனோடும் சேராமல், எந்த வேலையும் செய்யாமல் இருக்கிறதே என்று கிரேக்க மொழியில் 'வேலை செய்யாதது', 'சோம்பேறி' எனப் பொருள்படும் சொல்லாலேயே பெயரிட்டார்கள். வேலையற்றவனை வேலைக்கு வைத்தது பிற்காலம். 1941 அளவில் அமெரிக்காவின் நோத்ரொப் விமானக் கம்பனியில் ரசல் மெரடித் என்பவர், தீப்பற்றும் இயல்புள்ள மகனீசியத்தை ஒட்டுவதற்காக, தங்குதன் ஊசியையும் ஈலியம் வாயுவையும் சேர்த்துச் செய்த கருவியே இன்றைய ரிக்கின் முன்னோடி. யுத்த விமானத்துக்காகப் பிறந்தது. பிறகு ஈலியத்தின் இடத்தை மலிவான ஆகன் பெருமளவில் பிடித்துக்கொண்டது.

எல்லாம் மேல்நாட்டுச் சங்கதி என்று நினைக்கவேண்டாம். உருகும் உலோகத்தைக் காற்று தொடாமல் காப்பதுதான் இதன் முழு இரகசியமும். அதை நம்மூர்த் தட்டார் என்றோ கண்டுகொண்டார். வெண்காரத்தைக் குழைத்துத் தடவி, பொடியை வைத்து, ஊதுகுழலால் ஊதிப் பொன்னோடு பொன்னைச் சேர்க்கிறாரே, அந்த வெண்காரம் உருகிக் கண்ணாடிப் படலமாக மூடிக் காற்றை விலக்குகிறது. நாம் 'பொடி வைத்துப் பேசுகிறான்' என்று சொல்லும் வழக்கு அந்தப் பட்டறையில் பிறந்தது என்பர். தட்டாரைப் புகழ்ந்து மட்டக்களப்பில் பேசுவதற்குக் கொஞ்சம் துணிவு வேண்டும்! வைகாசி பிறந்தால் ஊருக்கு ஊர் கண்ணகியம்மன் சடங்கும், 'கண்ணகி வழக்குரை' ஏடு படிப்புமாக இருக்கிற நாடு இது. சிலம்பு செய்யத் தெரிந்த கை ஒரு கதையில் வஞ்சகம் செய்தது என்பதற்காக அந்தக் கையின் நுட்பத்தை மறந்துவிடலாமா? பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பர் என்று குழூஉக்குறிக்கு உதாரணம் சொல்லிப் பிள்ளைகளுக்கு எத்தனையோ வருடம் கற்பித்தேன். ஒரு குழுவுக்குள் நுழைந்து அதன் குறிச்சொற்களை நானே கற்றது இந்தக் கொட்டகையிற்றான். உருகிய உலோகம் இங்கே 'குளம்'. வாகனேரிக் குளத்துத் தண்ணீரைப் பார்த்து வளர்ந்தவர் அதை வேறெப்படிச் சொல்வார்? ஒட்டின் பின்புறத்தில் காற்றுப்பட்டுக் கறுத்துப் பொருபொருவென்று நிற்பது 'சீனி'. "சேர், பின்னால சீனி கட்டியிருக்கு" என்றால் அந்தத் துண்டு குப்பைக்கு.

இனிக் கற்ற கதை. வலக்கையில் ஊசியுள்ள கைப்பிடி, இடக்கையில் நிரப்பும் கம்பி, காலின் கீழே மின்னோட்டத்தைக் கூட்டிக் குறைக்கும் மிதி. முகமூடிக்குள் கண். வீணைக்காரருக்கும் தையற்காரருக்கும் இது புதிதல்ல. எழுதுகோல் பிடித்த ஒருவனுக்கு மூன்று உறுப்பும் மூன்று வேலையைச் செய்வது பெரும் துன்பம். ஊசிக்கும் தகட்டுக்கும் இடையில் இரண்டு மில்லிமீற்றர் அளவு இடைவெளிதான் இருக்கவேண்டும். ஊசி குளத்தைத் தொட்டுவிட்டால் அழுக்காகிவிடும். வில்லை நிறுத்தி, எழுந்து போய், சாணைக்கல்லில் மீண்டும் கூராக்கவேண்டும். அதுவும் கீறல்கள் நீளவாக்கில் விழும்படி தீட்டவேண்டும், குறுக்கே தீட்டினால் வில் அலையும். முதல் ஞாயிறன்று நான் தீட்டியதே அதிகம், ஒட்டியது ஒன்றுமில்லை. "எத்தின தரம் தொட்டீங்க சேர்?" என்று கேட்டார். பதினேழு தரம். "பரவாயில்ல, நான் கட்டாரில முதல் நாள் எண்ணவேயில்ல" என்றார். மாணவர் ஆசிரியரைத் தேற்றுவதில் ஒரு தனி இனிமை இருக்கிறது.

முதல் சில வாரம் கம்பியே தரவில்லை. வெறும் தகட்டில் குளம் உண்டாக்கி அதை ஒரே அகலத்தில் நகர்த்தப் பழகவேண்டும். குளிர்ந்த பின் நிறத்தைப் பார்க்கச் சொன்னார். வைக்கோற் பொன்னிறமாக இருந்தால் நல்லது. நீலமும் ஊதாவுமாக இருந்தால் சூடு கூட. சாம்பல் நிறமென்றால் சோக்கட்டி வட்டம். மூச்சை அடக்கிக்கொண்டு வேலை செய்தேன். கை நடுங்கியது. "மூச்ச விடுங்க சேர், மூச்ச அடக்கினா கை நடுங்கும்" என்றார். மிகவும் கஷ்டப்பட்டுக் கற்றது கடைசி நாலைந்து விநாடியை. காலை எடுத்ததும் வில் அணையும், வேலை முடிந்தது என்று மனம் சொல்லும், கை விலகும். ஆனால் வில் அணைந்த பிறகும் வாயு சில விநாடிக்கு வந்துகொண்டிருக்கும். செந்நிறமாய்க் கிடக்கும் ஒட்டின் முனை ஆறும்வரை கையை அப்படியே வைத்திருக்கவேண்டும். ஒன்றும் செய்யாமல், அசையாமல். எடுத்துவிட்டால் முனையில் ஓட்டை. அவசர அவசரமாக அடுத்த காரியத்துக்கு ஓடியே பழகிய எனக்கு இந்த நாலைந்து விநாடி பிடிபட மாதங்கள் சென்றன.

ஏன் இந்த வயதில் என்று யாரும் கேட்கவில்லை என்றேன். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். 1990 இல் எனக்குப் பதினேழு வயது. பொறி வேலை பழகவேண்டுமென்பது அப்போதைய ஆசை. வாழைச்சேனையில் வைக்கோலிலிருந்து காகிதம் செய்த ஆலை இருந்தது. அங்கே வேலை செய்தவர்களின் கைகளைப் பார்த்து வந்த ஆசை. மட்டக்களப்பில் கிழக்குத் தொழில்நுட்ப நிறுவனத்தில் சேர்வதென்று வீட்டில் பேச்சு. அதன் பணிப்பாளராக யூஜின் ஜோன் ஹேபர்ட் அடிகளார் இருந்தார். அமெரிக்காவின் லூசியானாவில் பிறந்த இயேசு சபைத் துறவி. இளமையில் இங்கே வந்து இந்த மண்ணிலேயே தங்கிவிட்டவர். கிழக்கு மாகாணத்துப் பிள்ளைகள் பலருக்கு அவரைக் கூடைப்பந்துப் பயிற்றுநராகத் தெரியும். 1990 ஆகஸ்ட் 15 ஆம் திகதி வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குப் புறப்பட்ட அடிகளாரும் உடன் சென்ற இளைஞர் ஒருவரும் வழியில் காணாமற் போனார்கள். இருவரும் திரும்பி வரவேயில்லை. அந்த மாதத்தில் அந்த வீதியில் பயணம் செய்வது என்றால் என்னவென்று அறிந்தவர்களுக்கு நான் விபரிக்க வேண்டியதில்லை. என் வீட்டில் தொழில்நுட்ப நிறுவனம் என்ற பேச்சு அத்தோடு நின்றது. எங்கே பாதுகாப்பாகப் போய்வரலாமோ அங்கே படித்தேன். தமிழாசிரியன் ஆனேன். அதில் எனக்குக் குறையில்லை, தமிழ் எனக்கு நல்ல சோறு போட்டது. ஆனால் 'நேரம் எங்கே?' என்று என்னைக் கேட்பவர்களில் என் வயதொத்தவர்களைப் பார்த்தால் எனக்கு ஒன்று தோன்றுகிறது. நமக்கு மணித்தியாலக் கணக்கிலா நேரம் இல்லாமற் போயிற்று?

நேரம் தாராளமாகக் கிடைத்த காலமும் பின்னால் வந்தது. 2020 இல் ஊரடங்கு, வாரக்கணக்கில் வீட்டிலிருந்தோம். பட்டறை பூட்டு. 2022 இல் பட்டறை திறந்திருந்தது, மின்சாரம் இல்லை. மார்ச் மாத முடிவில் ஒரே நாளில் 13 மணித்தியாலம் மின்வெட்டு. நேரம் மட்டும் இருந்து பயனில்லை என்பதை அந்த இரண்டு வருடமும் காட்டின.

இந்த இடத்தில் விபுலாநந்த அடிகளை அழைக்கிறேன். 1892 இல் காரைதீவில் பிறந்த மயில்வாகனனார், 1916 இல் கொழும்பு அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியில் விஞ்ஞான டிப்ளோமாப் பெற்றார். அதே 1916 இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பரீட்சையிலும் தேறினார். ஒரே ஆண்டில் இரண்டும்! பின்னாளில் அவர் செய்த யாழ்நூல், தமிழ் தெரிந்தவரால் மட்டும் செய்யக்கூடியதன்று. அதிர்வும் அளவும் கணக்கும் தெரிந்தவர் செய்தது. 1947 இல் அரங்கேறியது, அதே ஆண்டில் அடிகளும் மறைந்தார். கைவேலையும் தமிழும் வேறுவேறு உலகம் என்று சொல்பவர்களுக்கு நான் காட்டுவது இந்த ஒரு மனிதரைத்தான். நேரத்துக்கும் அவரையே உதாரணம் காட்டி வீட்டில் ஒருநாள் பெருமையாகப் பேசினேன்.

என் மனைவி கேட்டுக்கொண்டே கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "அப்ப அவருக்கு ஆர் சமைச்சுப் போட்டது?" என்றாள்.

நேயர்களே, நியாயமான கேள்வி. ஞாயிறு விடியலில் நான் கொட்டகையில் குளம் பார்த்துக்கொண்டிருக்கும்போது, தண்ணீர் இறைப்பதும் பால் வாங்குவதும் எட்டு மணிக்கு வரும் ரியூசன் பிள்ளைகளுக்கு முற்றம் கூட்டி வைப்பதும் தாமாக நடந்துகொண்டிருந்தன என்று நான் நினைத்திருந்தேன். நித்திரையிலிருந்து வெட்டியெடுத்தது என்று நான் எண்ணிய நேரத்தில் பாதி அவளுடையது. பொழுதுபோக்குக்கு நேரம் ஒதுக்குவது எப்படி என்று பத்திரிகைகளில் எழுதுகிறவர்கள் யாருடைய நேரத்தை ஒதுக்குவது என்று ஏனோ எழுதுவதில்லை. "உனக்கும் ஏதாவது ஆசை உண்டா?" என்று கேட்டேன். இத்தனை வருட இல்வாழ்க்கையில் முதல் தடவையாகக் கேட்டேன் என்பதை வெட்கத்தோடு சொல்லவேண்டும். அவள் பதில் சொல்லாமல் எழுந்துபோய்ப் பரண்மேலிருந்து வயலின் பெட்டியைக் காட்டினாள். அவளும் 1990 வரை வயலின் கற்றவள். தந்திகள் துருவேறிக் கிடந்தன. வில்லின் மயிரைப் பூச்சி தின்றிருந்தது.

கொட்டகையில் ஒரு கணக்குப் போட்டிருந்தேன். ஏழு கனமீற்றர் கொள்ளும் சிலிண்டரில் ஏழாயிரம் லீற்றர் ஆகன். நிமிடத்துக்கு ஒன்பது லீற்றர் வீதம் ஏறத்தாழ பதின்மூன்று மணித்தியாலம் வரும். இரண்டு மணிநேரம் பட்டறையில் நின்றாலும், தகடு துடைத்து, ஊசி தீட்டி, சோக்கட்டி வட்டம் பார்த்து, உண்மையில் வில் எரிவது பதினைந்து நிமிடந்தான். ஆக, ஒரு சிலிண்டர் ஐம்பத்திரண்டு விடியலுக்குப் போதும். ஐம்பத்திரண்டு ஞாயிறு, சரியாக ஒரு வருடம். சோம்பேறி வாயு எனக்கு ஒரு வருடத்தை இரும்புக் குடுவையில் அடைத்து வைத்திருக்கிறது என்று அவளிடம் சொன்னேன்.

இப்போது நாங்கள் ஞாயிற்றுக்கிழமைகளைப் பங்குபோட்டுக்கொண்டிருக்கிறோம். ஒரு ஞாயிறு நான் பட்டறைக்குப் போகிறேன். மறு ஞாயிறு நான் முற்றம் கூட்டி, இடியப்பத்துக்கு மாப்பிசைந்து, சொதி வைக்கிறேன். அவள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு புதுத் தந்தி பூட்டிய வயலினில் சரளி வரிசையிலிருந்து தொடங்கியிருக்கிறாள். வெளியிலிருந்து கேட்பவனுக்கு அவள் எத்தனை தரம் பிழைவிடுகிறாள் என்று எண்ணத் தோன்றும். நான் எண்ணுவதில்லை.

சென்ற மாதம், வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் கறையில் உருக்குக் குழாயில் இருந்த வெடிப்பை ஒட்டினேன். நிறம் பொன்னுமல்ல, ஊதாவுமல்ல, இரண்டுக்கும் நடுவே. ஒழுகவில்லை. மாணவர் பார்த்தார், சோக்கட்டியை எடுத்தார், பிறகு பையில் போட்டுக்கொண்டார். அலுமினியம் எப்போது தருவீர்கள் என்று கேட்டேன். அது 660 பாகையிலேயே உருகும். ஆனால் அதன் மேற்படலம் உருக 2,000 பாகைக்கு மேல் வேண்டும். அதை உடைக்க ஆடலோட்ட மின்சாரம் வேண்டும். கை இன்னும் வேகமாக ஓடவேண்டும். "வைகாசிச் சடங்கு முடியட்டும் சேர்" என்றார். "சிலிண்டர் அதுவரைக்கும் இருக்குமா?" என்று கேட்டேன்.

"முந்தி நீங்க வந்த கணக்குக்கு இருக்காது. இப்ப ஒண்டவிட்ட ஞாயிறுதானே வாறீங்க, ரெண்டு வருஷம் போகும்" என்றார்.